அவள் எழுதிக் கொடுத்த பட்டியல்

மார்ச் 4
கணினி காலை 9.10-க்கு நின்றது. திரை கறுத்துவிட்டது, உள்ளே விசிறி மட்டும் சுற்றுகிறது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தேநீர் போட்டுக் குடித்தேன். மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள்.

மார்ச் 5
மகள் போன் செய்தாள். "அப்பா, பேசாம பெரிய கம்பெனி லேப்டாப்பா வாங்கிடுங்க. அசெம்பிள் எல்லாம் வேணாம். உங்களுக்கு ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருகணும்னுகூடத் தெரியாது."
உண்மைதான். அதெல்லாம் அவள் அம்மா பார்த்துக்கொண்டது.

மார்ச் 7
ஷோரூம். விற்பனையாளர், "என்ன யூஸ் சார்?" என்றார். எழுத, என்றேன். "அப்ப எதை வாங்கினாலும் ஓடும் சார்." முப்பத்திரண்டு வருட நிருபர் வேலைக்குக் கிடைத்த மதிப்பு இவ்வளவுதான். வாங்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 8
எதுவும் எழுதவில்லை. பசியும் இல்லை.

மார்ச் 10
மேசை இழுப்பறையில் அவள் கையெழுத்தில் ஒரு பட்டியல். புதுக் கணினிக்கான பதினோரு பாகங்கள். போன வருடம் கொடுத்தாள். "பார்க்கலாம்" என்று உள்ளே போட்டேன். என் கணினி மெதுவாகிவிட்டதே என்று எனக்காக எழுதினாள் என நினைத்திருந்தேன். வழக்கமாக அவள் போகும் அசெம்பிள் கடைக்கு எடுத்துப்போனேன்.

கடைக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார். "டைப் அடிக்கவா சார் இவ்ளோ பெரிய கிராஃபிக்ஸ் கார்டு? கொசு அடிக்கப் பீரங்கியா?" பிறகு, "இது அம்மா அவங்களுக்குன்னு கேட்ட மெஷின். வீட்டு ப்ளான் வரையறதுக்கு. மூணு தடவ வந்தாங்க. ‘வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்’னாங்க."

வீட்டில் என்றால் நான்தானே?

அவள் கட்டட வரைபடம் போடுபவள். வீட்டில் இருந்தது ஒரே கணினி; நான் செய்தி அனுப்பி முடித்தால்தான் அவளுக்கு நாற்காலி. இரண்டு பேரிடம் சரிபார்க்காமல் ஒரு வரிகூட அச்சுக்கு அனுப்பாதவன் நான். பட்டியல் யாருக்கு என்று அவளிடமேகூடக் கேட்கவில்லையே — என்ன ஆளுடா நீ?

மார்ச் 11
பட்டியலில் உள்ளபடியே அசெம்பிள் செய்யச் சொல்லிவிட்டேன். இதைப் பார்த்தால் வந்துவிடுவாள் என்று நினைக்கிறேனா? நினைக்கிறேன்.

மார்ச் 15
கணினி தயார். அவளுக்குப் போன் செய்தேன். "நீ எழுதின மாதிரியே பண்ணியிருக்கு. வந்து பாரேன்." "இங்க கொண்டு வந்துடுங்களேன்" என்றாள்.

மார்ச் 16
கொண்டுபோனேன். அக்கா வீட்டுப் பின்னறையில் ஜன்னலோரம் மேசை போட்டிருந்தாள். சுவரில் புதிதாக இரண்டு ப்ளக் பாயின்ட். சுற்றிலும் சிமென்ட் இன்னும் காயவில்லை. ஒவ்வொரு கேபிளாக அவளே மாட்டினாள். நான் டார்ச் பிடித்தேன். திரையில் வெளிச்சம் வந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு?" என்றாள், திரும்பாமல்.

"இனிமேதான்."

"பெரிய கம்பெனியே வாங்கிக்குங்க. ரிப்பேர்னா அவங்க ஆளே வீட்டுக்கு வந்து பார்த்துடுவான்."

சரி என்றேன்.