ஆலங்குளம் பார்க்காத பாய்ச்சல்

என்றும் என் பிரியத்துக்குரிய சுப்பையா அண்ணனுக்கு,

ஊர் உலகமெல்லாம் உங்களை வேறு பெயரில்தான் கூப்பிட்டது. சுவரொட்டிகளில் ஆளுயரத்துக்கு அந்தப் பெயர்தான் நின்றது. பெரியம்மா வைத்த பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிட தென்காசியில் என்னை விட்டால் இனி யார் இருக்கிறார்கள்? சித்தி மகன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நடுநடுவே கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மதராசுக்கு ரயில் ஏற மனசு வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் பிரமாதம். நேற்று ஐந்தருவிக்குப் போனேன். குளித்துவிட்டுக் கீழே இறங்கி வந்து, அந்த இரண்டு பாறைகளுக்கு முன்னால் நின்றேன். நடுவே தண்ணீர் சீறிக்கொண்டு ஓடுகிறது. இங்கேயிருந்து அங்கே ஒரு மனிதன் தாண்டினான் என்று யாராவது சொன்னால், கண்ணால் பார்த்த நானே நம்பமாட்டேன்.

அன்றைக்கு உங்களுக்கு ராஜகுமாரன் வேஷம். தலையில் கிரீடம், இடுப்பில் வாள், காலில் ஜிகினா ஒட்டிய பூட்ஸ். குதிப்பதற்கென்று மதராசிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் பாறையை எட்டிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டே பூட்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்தீர்கள். டைரக்டர் பதறினார்.

"ராஜா வெறுங்காலோட குதிக்கிறதா? படத்தில் தெரியுமே சார்!"

"தெரியட்டும். பாசிப் பாறையில பூட்ஸு போட்டுக் குதிச்சா எலும்புகூடத் தேறாது. எங்க ஊர்க்காரங்களுக்கு அது தெரியும்" என்றீர்கள்.

பிறகு ஓடினீர்கள். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்து நான் பார்த்தபோது நீங்கள் அந்தப் பக்கம் நின்று கிரீடத்தைச் சரிசெய்துகொண்டிருந்தீர்கள். பூட்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அழுதேன், அண்ணே. பயத்திலா, சந்தோஷத்திலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் படம் எங்கள் கொட்டகைக்கு வந்தது. ஆபரேட்டராக நான் எத்தனையோ படம் ஓட்டியிருக்கிறேன், அந்தச் சத்தத்தைப் போல ஒன்றைக் கேட்டதில்லை. தரை டிக்கெட்டில் இருந்தவர்கள் உங்கள் வெறுங்காலைப் பார்த்துத்தான் கத்தினார்கள். ராஜா வேஷத்தில் வெறுங்கால் தவறு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. குற்றாலத்தில் வழுக்கி விழாதவன் எங்கள் ஊரில் உண்டா?

கடைசி நாள் படத்தைப் பெட்டியில் அடுக்கும்போது ஒரு காரியம் செய்தேன். நீங்கள் பாயும் அந்த நாலரை அடி பிலிமை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒட்டி அனுப்பிவிட்டேன். திருட்டுதான். ஆனால் பிரியத்தில் செய்த திருட்டு.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு நாலு படம் நடித்தீர்கள். முதலில் குதிப்பதற்கு வேறு ஆள் வந்தார். பிறகு சண்டைக்கும் வந்தார். நீங்கள் முகத்தை மட்டும் திருப்பிக் காட்டுவீர்கள். வாள் பிடித்த கை எது உங்களுடையது, எது வேறொருவருடையது என்று எனக்குத் தெரியாதா? ஒரே படத்தை நாற்பது தடவை பார்க்கிறவன் நான். ஜனங்கள் என்னவோ அப்போதும் விசில் அடித்தார்கள்.

கடைசியில் நீங்கள் பேன்ட், சட்டை போட்டு நடித்த அந்தப் படம் வந்தது. மறுபடியும் அதே ஐந்தருவி, அதே பாறைகள். நீங்கள் குடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பங்குனி வெயிலில், தண்ணீரே இல்லாத பாறையில், பூட்ஸ் போட்ட ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு தாண்டினார். அன்றைக்கு உங்கள் மேல் இருந்த மரியாதை எனக்குப் போய்விட்டது. சட்டென்று போகவில்லை, நிதானமாகத்தான் போனது. ஆனால் போய்விட்டது.

அந்தப் படத்துக்கு மாலை போட்டுக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு நீங்கள் வருகிறீர்கள் என்றார்கள். காலையிலேயே உட்கார்ந்து அந்த ஆள் தாண்டும் இடத்தை வெட்டிவிட்டு, என் நாலரை அடியை ஒட்டினேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தேன்.

திரையில் பேன்ட் போட்ட நீங்கள் பாறையை நோக்கி ஓடினீர்கள். திடீரென்று முரசுச் சத்தம். கிரீடம் வைத்த ராஜகுமாரன் வெறுங்காலோடு பாய்ந்தான். மறுபடி பேன்ட் போட்ட நீங்கள். எல்லோரும் எழுந்து நின்று "ஒன்ஸ்மோர்" என்று கத்தினார்கள். நீங்கள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

இடைவேளையில் இரும்பு ஏணியில் ஏறி என் அறைக்கு வந்தீர்கள். பத்துப் படிக்கு மூச்சு வாங்கியது.

"ஏலே சங்கரா, அந்தத் துண்டு எங்கலே கிடைச்சுது?"

"எங்க அண்ணனை வேற எங்கயும் பாக்க முடியல. அதான் டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்" என்றேன்.

அடிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ அந்தத் துண்டை என்னைப் பிரித்தெடுக்கச் சொல்லி வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தீர்கள்.

"கால் விரலைப் பாத்தியா, எப்படிச் சுருட்டிக்கிட்டு இருக்கு! அன்னைக்கு எனக்குக் குலை நடுங்கிட்டுலே."

"இப்போ நடுங்கலையா அண்ணே?"

"இப்போ நான் நாற்காலிய விட்டு எந்திரிச்சாலே விசில் அடிக்காங்க. பொறவு எதுக்குலே குதிக்கணும்?"

துண்டை என் கையிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனீர்கள். எனக்காகக் குதியுங்கள் என்று அப்போது சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருந்தால் குதித்திருப்பீர்களா?

போன வாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆலங்குளத்துக்காரர் ஒருவர் உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"செத்தவரைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனா அந்த ராஜா படத்துல அவரு குதிச்சாருன்னு தென்காசிக்காரங்க சொல்லுதது சுத்தப் பொய். எங்க ஊர்ல நாங்களும் பாத்தோம்லா? இந்தப் பாறையில நிக்காரு. அடுத்தாப்ல அந்தப் பாறையில நிக்காரு. நடுவுல ஒண்ணுமே இல்ல."

டீ என் கையிலேயே ஆறிப்போனது. நடுவில் இருந்தது என் டப்பாவில் அல்லவா இருந்தது! தென்காசியைத் தாண்டி அந்தப் பெட்டி போன ஊரிலெல்லாம் உங்களைக் குதிக்காதவராக ஆக்கியது நான்தான். நீங்கள் குதிப்பதை நிறுத்தினீர்கள் என்று கோபப்பட்டேனே, குதித்ததையே இல்லாமல் செய்துவிட்டேனே, அண்ணே.

இன்று அந்தத் துண்டை விளக்குக்கு முன்னால் பிடித்து அதிலுள்ள ஒவ்வொரு குட்டிப் படமாக எண்ணினேன். மொத்தம் எழுபத்திரண்டு. அதில் முப்பத்தொரு படத்தில் உங்கள் கால் எந்தப் பாறையிலும் இல்லை. கீழே வெள்ளம், மேலே சாரல், நடுவே நீங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளையா இது? நம்மோடு உட்கார்ந்து பழையது சாப்பிட்ட ஆளா இது?

உங்கள் நினைவாக அந்த ராஜா படத்தை மறுபடி போடப்போகிறார்கள். இங்கே ஒரு வாரம் ஓடி, பிறகு ஆலங்குளம் போகிறது. நான் ஒட்டிய அதே பழைய பெட்டிதான், என் ஒட்டு அப்படியே இருக்கிறது. அதைப் பிரித்து நாலரை அடியையும் அதன் இடத்தில் வைத்து ஒட்டித் தருவேன். ஆலங்குளத்துக்கு நானும் போவேன். டீக்கடையில் பேசிய அந்த ஆளைத் தேடிப்பிடித்து என் பக்கத்தில் தரை டிக்கெட் மணலில் உட்கார வைப்பேன்.

நீங்கள் திரையில் வரும்போது ஊர் விசில் அடிக்கட்டும், நான் அடிக்கமாட்டேன். எழுந்தாலும் நடந்தாலும் அடிக்கமாட்டேன். நீங்கள் குதிக்கும்போது மட்டும் அடிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு இந்தப் பாறையிலேயே நின்றுவிட்ட
சித்தி மகன் சங்கரன்