நித்யாவின் கால் தாளம்

ஜூன் 9, திங்கள்

டெல்லியின் லூ, அனல் காற்று. கூலரில் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. லோதி ரோடு பஸ்ஸில் நின்றபடியே ஆபீஸ்.

வியன்னாவில் மழையாம். மகள் நித்யா அங்கே வயலின் படிக்கப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வெள்ளிக்கிழமை ஆண்டுத் தேர்வு. பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, தனியாக வாசிக்க வேண்டும். தேறாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

மாடிப்படியில் எதிர்வீட்டு ராமசேஷன் சார், ரிடையர்டு அண்டர் செக்ரட்டரி. "யுபிஎஸ்சி எழுதச் சொல்லியிருந்தா, இந்நேரம் ஒரு போஸ்டிங் வாங்கியிருப்பாளேம்மா." சிரித்து வைத்தேன். உள்ளே வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

பால், கடுகு, இவருடைய பி.பி. மாத்திரை.

நித்யா போன். அழுகை. வாசிக்கும்போது காலால் தாளம் போடுகிறாளாம். மரத்தரையில் ஷூ டக் டக்கென்று கேட்கிறதாம். வருஷம் முழுக்கத் திட்டு வாங்கியும் விடவில்லை. "கால நிறுத்தினா கை தப்புதும்மா. க்யா கரூன், என்ன பண்றது?"

எப்படி விடும்? ஆறு வயதிலிருந்து இங்கே மோதி பாக் பகுதியில் கர்நாடக வயலின் வகுப்பு. தரையில் சம்மணம், கால் விரலில் தாளம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

"அப்ப ஷூவக் கழட்டிட்டு வாசி."

"அம்மா, மஜாக் பண்ணாத!"

"கிண்டல் என்ன இதுல? நம்ம ஆளுங்க யாராவது செருப்போட மேடை ஏறுவாங்களா?"

போனை வைத்துவிட்டாள். கோபமோ என்னவோ.

ஜூன் 13, வெள்ளி

ஆபீசில் ஒரு ஃபைலும் நகரவில்லை. இரண்டு டீ. பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டுதல்.

சாயங்காலம்தான் போன் வந்தது. ஷூவை வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்! நீளக் கறுப்புக் கவுன், வெறுங்கால். எல்லோரும் காலையே பார்த்தார்களாம். நடுவில் இருந்த தாடிக்காரப் பெரிய பேராசிரியர், ஷூ எங்கே என்று கேட்டாராம்.

"எனக்குத் தாளம் கால்லதான் இருக்கு, சத்தம் வரக்கூடாதுன்னு கழட்டினேன்னு சொன்னேம்மா. யார் ஐடியான்னு கேட்டார். எங்கம்மாதுன்னேன்."

வாசித்தாள். கால்விரல்கள் தம்பாட்டுக்குத் தாளம் போட்டன, சத்தமே இல்லை. கை ஓரிடத்தில்கூடத் தப்பவில்லை. தேறிவிட்டாள். என் பெண் தேறிவிட்டாள்!

ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி "மேரி பேட்டி பாஸ் ஹோ கயீ!" என்று கத்தினேன். எல்லோருக்கும் சமோசா. பெருமை தாங்கவில்லை, எதற்கு மறைக்க வேண்டும்? ராமசேஷன் சாருக்கு நானே லட்டு கொண்டுபோனேன். "நம்ம காலனிப் பொண்ணாச்சே!" என்றார். நேற்று வரை யார் வீட்டுப் பெண்ணாம்?

ஜூன் 15, ஞாயிறு

சப்பாத்தி, ராஜ்மா. இவர் மதியம் நல்ல தூக்கம்.

நித்யா போன். தாடிக்காரர் கோடையில் மலையூர் ஒன்றில் தனி வகுப்பு எடுக்கிறாராம். அவரே தேர்ந்தெடுக்கும் நாலைந்து பேருக்கு மட்டும். இவளைக் கூப்பிட்டிருக்கிறார். முதல் வருஷ மாணவியை இதுவரை கூப்பிட்டதே இல்லையாம்.

ஆனால் அது ஜூலை முழுக்க. ஜூலையில்தான் வீட்டுக்கு வருவதாக இருந்தாள்.

"நீ சொல்லும்மா. வரவா, இருக்கவா?"

"இரு" என்றேன். உடனே சொன்னேன். யோசித்தால் வாய் மாறிவிடும். இவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

ஜூன் 16, திங்கள்

புழுக்கம். ஜூலை லீவை ரத்து செய்ய எழுதிக் கொடுத்தேன். மகள் வரவில்லையா, ஏதாவது பிரச்சினையா என்று செக்ஷன் ஆபீசர் இந்தியில் விசாரித்தார்.

"பிரச்சினை ஒன்றுமில்லை சார். அவளை அனுப்ப அவளுடைய பேராசிரியருக்கு மனசு வரவில்லை" என்றேன். அவளை அங்கேயே விட எனக்கு மட்டும் வந்ததா என்ன.