பெயர்கள் மட்டுமே உள்ள ஒன்பது அதிகாரம்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

இன்று சபையில் சீட்டு எடுத்தோம். முழு வேதாகமத்தையும் சபையாரே கையால் எழுதி, கட்டுப் போட்டு, அக்டோபரில் அறுப்பின் பண்டிகை அன்று பீடத்தில் வைக்கப் போகிறோம். வீட்டுக்கு ஒரு பங்கு. என் பக்கத்தில் இருந்தவளுக்கு ரூத் விழுந்தது, நாலே அதிகாரம். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு ஒன்று நாளாகமம், முதல் ஒன்பது அதிகாரம். முழுக்கப் பெயர்கள். இன்னார் இன்னாரைப் பெற்றான், அவன் இன்னாரைப் பெற்றான். நாற்பது பக்கமாவது வரும்.

செக்ரட்டரி சைலஸ் அண்ணாச்சி கோடு போட்ட தாள்கட்டு ஒன்றும் விதிமுறையும் தந்தார். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். பால் பென் மட்டும். ஆகஸ்ட் கடைசிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் காட்டினேன். சாலை பஜாரில் ஜவுளி மொத்தக் கடையில் நாளெல்லாம் துணிக்கட்டோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், பிரசங்கம் முடிகிற நேரம் பார்த்துக் கோவிலுக்கு வருகிறவர். அவர் சிரிக்கிறார்.

"நீ தொடங்குறதுக்குன்னே பிறந்தவ பியூலா. முடிக்கிறதுக்கு வேற ஆள் வரணும்."

கோபம் வந்தது. ஆனால் பொய்யா சொன்னார்? பாடகர் குழு - நாலு மாதம். ஓய்வுநாள் பள்ளி - ஒரு கிறிஸ்துமஸ் வரை. வெள்ளிக்கிழமை உபவாசம் - மூன்று வெள்ளி. குடும்ப ஜெபம் - வேண்டாம், எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆரம்பசூரத்தனத்துக்குப் பரிசு கொடுத்தால் எனக்குத்தான் கொடுக்க வேண்டும். இதையும் விட்டுவிட்டால் அந்தப் புத்தகத்தின் நடுவில் ஒரு ஓட்டை விழும். அது என் ஓட்டை என்று சபைக்கே தெரியும்.

இந்தத் தடவை முடிப்பேன். ஆண்டவரே, நீரே சாட்சி. (போன வருஷமும் நீர்தான் சாட்சி. தெரியும்.)

ஜனவரி 12

மூன்று பக்கம்! ஜெல் பேனாவில் எழுதுகிறேன். பால் பென் பிடித்தால் என் எழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கும். ஜெல்லில் முத்து முத்தாக வருகிறது. பீடத்தில் வைக்கிற புத்தகம் அழகாக இருக்க வேண்டாமா? அண்ணாச்சிக்கு என்ன தெரியும்.

பிப்ரவரி 16

ஒரு வரிகூட இல்லை. ஹாஸ்டலில் தண்ணீர் மோட்டார் கெட்டது, சமையல்காரி லீவு, அறுபது பிள்ளைகளும் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனிகளில் எல்லா ஷிப்டிலும் வேலை பார்க்கிறார்கள், வார்டன் எனக்கு ஏது நேரம் -

சாக்கு. சீரியல் பார்க்க நேரம் இருந்ததே?

மார்ச் 5, சாம்பல் புதன்

லெந்து தொடங்கியாயிற்று. நானும் மறுபடி தொடங்கினேன். ஒரு பக்கம்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பத்தொன்பது பக்கம்! தாவீதின் பிள்ளைகள்வரை வந்துவிட்டேன். இவரிடம் காட்டினேன். "கொள்ளாமே, நல்லாருக்கே" என்றார். அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிது.

மே 27, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

எழுதின தாளெல்லாம் ஆபீஸ் அறையில் ஜன்னல் ஓரம் வைத்திருந்தேன். ஜன்னலைச் சாத்தாமல் பால் வாங்கப் போனேன். அதற்குள் அடித்த மழை! திரும்பி வந்து பார்த்தால் தாவீதும் இல்லை, அவன் பிள்ளைகளும் இல்லை. தாளெல்லாம் நீலக் குழம்பு.

நான் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். மூன்றாம் மாடி ஆர்யா, சுசீந்திரத்துக்காரி, ஏழெட்டு ஹேர் டிரையரைத் திரட்டிவிட்டாள். வராந்தா முழுக்கத் தாளை விரித்து ஆளுக்கொன்று பிடித்துக் காய வைத்தார்கள். தாள் காய்ந்தது. எழுத்துத்தான் வரவில்லை.

"ஆன்டி, பேக்கப் எடுத்து வச்சிருக்கலாம்லா?" என்று கேட்டாள். அழுகிற நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மறுபடி அழுகை.

பால் பென் என்று எதற்குச் சொன்னார்கள் என்று இப்போது தெரிகிறது. அழகாக எழுத வேண்டுமாம்! யாருக்குக் காட்ட? என்னை நானே ரெண்டு அறை அறையலாம்போல இருக்கு. முடியாது, இனி என்னால ஆகாது.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் மிச்சத் தாள்கட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்ல, வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனேன். அண்ணாச்சி முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு லேவியராகமம், கேட்டியா. மூணு மட்டம் திருப்பிக் குடுக்கணும்னு கொண்டு வந்தேன். யாருகிட்ட குடுக்க? செக்ரட்டரி நாந்தானே."

இருவரும் சிரித்துவிட்டோம். அலமாரியைத் திறந்து புதுத் தாள்கட்டு எடுத்தார். "இது அஞ்சு கட்டு கூடுதலா வாங்கினது. உன்னைப்போல, என்னைப்போல உள்ளவங்களுக்கு. சாரமில்ல பிள்ளே, போனது போட்டும், இனியும் தொடங்கு."

திட்டுவார் என்று போனேன். கையில் புதுக் கட்டோடு திரும்பி வந்தேன்.

ஜூன் 16

பால் பென் பத்து வாங்கினேன். ஒன்றாம் அதிகாரம், முதல் வசனம். ஆதாமிலிருந்து. கோழி கிளறல்தான். இருக்கட்டும்.

ஜூன் 29

பெயரைப் பார்த்துப் பார்த்து எழுதுவதில் கண் வரி மாறிவிடுகிறது. ஒரு தலைமுறையே காணாமல் போய், அந்தப் பக்கத்தை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர், "இங்க கொண்டா" என்று வேதாகமத்தை வாங்கி, உரக்க வாசிக்க ஆரம்பித்தார். கடையில் கட்டு இறக்கும்போது சீட்டு வாசிக்கிற அதே குரல். ஒரு பெயர், ஒரு நிறுத்தம், "அடுத்தது!"

ஒரே மாலையில் மூன்று பக்கம். என் வீட்டுக்காரர் வேதம் வாசித்து நான் கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. இதைச் சொன்னால் நிறுத்திவிடுவார் என்று பேசாமல் எழுதினேன்.

ஜூலை 20

நாலாம் அதிகாரம். இத்தனை பெயர்களுக்கு நடுவில் திடீரென்று ஒருத்தன் ஜெபம் பண்ணுகிறான், யாபேஸ். ரெண்டே வசனம். பிறகு மறுபடி பெயர்கள். இவருக்குக் குஷி. "இத்தனை பேர்ல ஒருத்தனாவது வாயத் திறந்தானே!" என்றார்.

ஆகஸ்ட் 3

பத்து நாளாக எழுதவில்லை என்று நினைத்துப் பயந்தேன். எண்ணிப் பார்த்தால் இரண்டே நாள்தான். பழைய பயம் போக மாட்டேன் என்கிறது. எழுதினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒன்பதாம் அதிகாரம். இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

இவர் வாசித்துக்கொண்டே வந்தார். ஆலயத்தின் வாசல் காவலர்களின் பெயர்கள் வந்தன. நாலு திசைக்கும் காவல். அவர்கள் ஆலயத்தைச் சுற்றியே இரவில் தங்குவார்களாம். காலைதோறும் கதவைத் திறந்துவிடுவது அவர்கள் பொறுப்பாம். இவர் வாசிப்பதை நிறுத்தினார். "அடுத்தது" வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பியூலா, இது உன் உத்தியோகம் அல்லே?"

பேனா நின்றுவிட்டது. பதினோரு வருஷமாக இந்த ஹாஸ்டல் கேட்டைக் காலை ஐந்து மணிக்குத் திறக்கிறேன். காய்ச்சலிலும் திறந்திருக்கிறேன். அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த மறுநாளும் திறந்தேன். இரவில் பூட்டுவேன், காலையில் திறப்பேன். நேற்றுத் திறந்தோமே என்று இன்றைக்குச் சும்மா இருக்க முடியுமா? ஷிப்டுக்குப் போகிற பிள்ளை கேட்டில் நிற்பாளே. இதை ஒரு நாளும் நான் பெரிதாக நினைத்ததில்லை. ஒன்றையும் முடிக்காதவள் என்றுதான் என்னைப் பற்றி எனக்கு எண்ணம்.

சந்தோஷம். வேறென்ன சொல்ல? கண்ணீர் தாளில் விழாமல் தள்ளி உட்கார்ந்தேன். விழுந்தாலும் பயமில்லை, பால் பென்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாற்பத்துமூன்று பக்கம். ஒப்படைத்தேன். அண்ணாச்சி ஒரு தாளை நீட்டிப் பிடித்து, விரலை நனைத்து எழுத்தின்மேல் தேய்த்துப் பார்த்தார். குறும்பு! போன வாரம்தான் அவருடைய லேவியராகமமும் முடிந்ததாம்.

காலையில் ஆர்யா எல்லாப் பக்கத்தையும் போனில் படம் பிடித்து வைத்துவிட்டாள். "பேக்கப், ஆன்டி."

அக்டோபர் 12, அறுப்பின் பண்டிகை

வாழைக்குலையும் தேங்காயும் சேவல்களுமாகக் கோவிலே சந்தையாக இருந்தது. சிவப்புத் துணி அட்டை போட்ட வேதாகமத்தை இரண்டு பேர் சுமந்து வந்து பீடத்தில் வைத்தார்கள். ஓட்டை இல்லை. ஆராதனைக்குப் பிறகு போய்த் திறந்து பார்த்தேன். ரூத்தும் சங்கீதமும் அச்சுப்போல அழகாக இருக்கின்றன. நடுவில் என் கோழி கிளறல், ஒரு பெயர்கூட விடாமல்.

அதற்கு முன்பே, அறிவிப்பு நேரத்தில் ஆயர் சொன்னார், போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் சபையாரும் இப்படி ஒரு பிரதி கேட்கிறார்களாம். இன்னொன்று எழுத யாரெல்லாம் தயார் என்றார். சபை மொத்தமும் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தது. நானும்தான்.

பின் வரிசையில் ஒரு கை. திரும்பிப் பார்த்தேன். இவர்! ஆராதனை தொடங்கும் முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"ஐயா, எரேமியா எங்களுக்கு."

ஐம்பத்திரண்டு அதிகாரம்! வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "யாருகிட்ட கேட்டுச் சொன்னிய?"

"நீ தொடங்கு," என்றார். "முடிக்கிறதுக்கு ஆள் வந்தாச்சு."

அக்டோபர் 13

ஐந்து மணிக்குக் கேட்டைத் திறந்தேன். எரேமியா, முதல் பக்கம்.