படம் காட்டினவர்

ஆனி 3, புதன்

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. காயப்போட்ட சீலை வேலியில் கொழுவிக் கிழிந்தது. இவர் கண்மூடி இன்றைக்கு இருபத்திமூன்று நாள்.

முப்பத்தோராம் நாள் வருகிற சனத்துக்குக் கொடுக்கிற கல்வெட்டு, இவருடைய நினைவுப் புத்தகம், இன்னும் எழுதவில்லை. மகள் வதனி பேனையோடு இருந்தாள். "அம்மா, அப்பாவின்ரை தொழில் என்னெண்டு போட?"

கனடாவில் இருக்கிற இவருடைய அண்ணன், எனக்கு அத்தான், போனில். "வர்த்தகர் எண்டு போடுங்கோ."

இவருடையது சைக்கிள் திருத்துகிற கொட்டில். விற்றது ரியூப்பும் ஒட்டுப் பசையும். வர்த்தகராம்.

"தியேட்டரிலை படம் ஓட்டினவர் எண்டு போடுவம், அத்தான்."

"அது எப்பவோ பூட்டின தியேட்டர். சனம் என்ன நினைக்கும்?"

ஆனி 4, வியாழன்

காற்று. முருங்கைக்காய்க் கறி, உப்புக் கூடிவிட்டது. தியேட்டரைப் பற்றிச் சொல்லச் சொல்லி வதனி கேட்டாள். சொன்னது:

- முதலில் அது புகையிலை அடுக்கி வைக்கிற கிட்டங்கி. தியேட்டர் ஆன பிறகும் மழைக்குப் புகையிலை மணக்கும். அழுகிற கட்டத்தில் சனம் தும்மும்.

- பொம்பிளைகள் பக்கம் அரைச்சுவர். சுவருக்கு மேலால் எட்டிப் பார்ப்பதற்கென்றே வருகிற பெடியள் உண்டு.

- படப்பெட்டி யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில். பிற்பாதி ரீல் வருகிற பஸ் பிந்தினால் இடைவேளை நீளும். நீண்டால் வாசலில் நான் வறுத்து விற்ற கச்சான் கடலை கூடப் போகும். பஸ் பிந்த வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்தும் இருக்கிறேன்.

- இவரை நான் முதல் கண்டது கை மட்டும். மெஷின் அறை யன்னலால் கை வரும், கச்சான் சுற்றின கடதாசிச் சரை கேட்டு. ஆறு மாதம் கை. பிறகுதான் முகம். கைதான் வடிவு.

- சண்டையில் இடம்பெயர்ந்த அன்று பூட்டினது. திரும்பி வர, கூரை இல்லை, மெஷின் இல்லை. இப்போது உள்ளுக்குள் பூவரசும் ஆடுகளும். அந்த வழியால் போனால் இவர் சைக்கிளை விட்டு இறங்கித்தான் நடப்பார்.

கையைப் பற்றி எழுத வேண்டாம் என்றேன். எழுதிவிட்டாள்.

ஆனி 7, ஞாயிறு

அச்சகத்தில் இருந்து மாதிரித் தாள் வந்தது. வதனி வாசித்தாள்: "பிரபல திரைப்பட இயக்குநர் அமரர் சின்னத்துரை..."

இரண்டு பேரும் ஆளை ஆள் பார்த்தோம்.

வதனி எழுதிக் கொடுத்தது 'ஒப்பரேற்றர்' என்று. அத்தான் அச்சகத்துக்குப் போன் எடுத்து, நல்ல தமிழில் இயக்குநர் என்று மாற்றியிருக்கிறார். 'பிரபல' அவருடைய அன்பளிப்பு.

கூப்பிட்டேன். "அத்தான், இவர் எந்தப் படம் எடுத்தவர் எண்டு சனம் கேக்காதோ?"

"மெஷினை இயக்கினவன்தானே. பொய் இல்லையே பிள்ளை!"

"படம் காட்டினவர் எண்டு போடுங்கோ. அவர் தன்னை அப்பிடித்தான் சொல்லுறவர்."

"உமக்கென்ன விசரோ? படம் காட்டுறது எண்டால் பம்மாத்து விடுறது. செத்தவனை ஊர் சிரிக்கப் பண்ணப் போறீரோ?"

வைத்துவிட்டார். அவர் சொல்வதும் பிழை இல்லை. ஆனால் இயக்குநர் என்று ஒருவர் இந்த வீட்டில் இருந்ததில்லை. அப்படி அச்சடித்தால் அது வேறு யாருடையதோ கல்வெட்டு. என்னுடைய மனுசன் எங்கே போவது?

ஆனி 8, திங்கள்

நானே பஸ் ஏறி அச்சகத்துக்குப் போய், 'படம் காட்டினவர்' என்று மாற்றச் சொன்னேன்.

"நையாண்டி மாதிரி இருக்கம்மா. நிச்சயமோ?" அச்சகக்காரர்.

"ஓம். அச்சடியும்."

அத்தானுக்குச் சொல்லவில்லை. பயம்.

ஆனி 11, வியாழன்

முப்பத்தொன்று. காலமை கீரிமலையில் கிரியை. மத்தியானம் வீட்டில் சனம். வதனி போனை உயர்த்திப் பிடித்திருந்தாள், அத்தான் பார்ப்பதற்காக.

கல்வெட்டை விரித்த ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு பந்தல் முழுக்க.

"என்ன அங்கை சிரிப்பு?" அத்தான்.

வதனி அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

அனலைதீவில் இருந்து வந்த ஒரு அக்கா, எனக்கு முன்பின் தெரியாதவ, எழும்பினா. "எங்களுக்குப் படம் காட்டினது இவர்தான். கடைசி வள்ளம் அஞ்சு மணிக்கு. நாங்கள் முடிவு பாக்க ஏலாமல் போகக்கூடாதெண்டு பாட்டெல்லாத்தையும் விட்டுப்போட்டு ஓட்டுவார். எங்கடை தீவிலை ஒருத்தருக்கும் பாட்டுத் தெரியாது. முடிவு தெரியும்!"

இத்தனை வருஷத்தில் இவர் இதை எனக்கு ஒரு சொல் சொன்னதில்லை.

போனுக்குள் அத்தான்: "அறுவான்! நான் பாட்டுக்கெண்டே ரெண்டு தரம் காசு குடுத்துப் போனனான். பிள்ளை, எனக்கும் அஞ்சு புத்தகம் அனுப்பும்."

அந்த அக்கா பையைத் தூக்கினா. இன்னும் சொல்லுங்கோ என்றேன். வள்ளம் போய்விடும் என்றா.

போகட்டும், இன்றைக்கு இங்கே படுங்கோ என்றேன்.