இடது கை பிந்துகிறதாம்

ஹாமார்,
ஞாயிறு காலை

அன்புள்ள அம்மாவுக்கு, தூவா எழுதுவது.

பெரிய செய்தி அம்மா: நேற்று மதியம் நம் ஹாலில் மூன்று ஆண்கள் உட்கார்ந்து உன் பியானோவை ஆரம்பம் முதல் முடிவு வரை கேட்டார்கள், உன் இடது கை பிந்துகிறது என்று அப்பா எல்லார் முன்னாலும் சொன்னார், மற்றவர்களும் ஆமாம் என்றார்கள், ஆனால் வாசித்தது நீயே இல்லை.

இதை மெசேஜில் அனுப்பியிருந்தால் இரண்டாவது வரியிலேயே நீ போன் செய்திருப்பாய். உன் குரலைக் கேட்டால் நான் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால்தான் தாள். வடக்கே ட்ரொம்ஸோவில் உன் கைக்கு வந்து சேர நாலைந்து நாள் ஆகும், அதுவும் நல்லதுதான்.

நீ கேட்டதை நான் மறக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு தடவை கேட்டாய், போன வாரம் மறுபடி கேட்டாய். அங்கே சர்ச் பாட்டுக் குழுவுக்குப் பியானோ வாசிக்கக் கூப்பிடுகிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் உன் பழைய கேசட்டுகளைக் கேட்க வேண்டும் என்றாய். "உங்கப்பா சொன்னது நெஜமான்னு என் காதால கேக்கணும்டி. நெஜம்னா நான் வரலேன்னு சொல்லிடுறேன்" என்றாய். நானும் பெரிய ஆள் மாதிரி, "சிஸ்டம் முடியட்டும்மா, நீயே அசந்துபோற மாதிரி அனுப்புறேன்" என்றேன். இந்தக் கடிதம் அதற்கான பதில்.

முதலில் அந்த மியூசிக் சிஸ்டத்தைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் எனக்கு மற்றது வராது. நடுவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். ஒரு ரொட்டி அளவு இருக்கும், விசிறி கிடையாது, அதனால் மூச்சுச் சத்தம்கூட வராது. அப்பாவின் ஆயிரத்து நூறு டிஸ்க்கும் அதற்குள் ஏறிவிட்டன. அதிலிருந்து, எண்களை ஒலியாக மாற்றுகிற ஒரு பெட்டி, அதிலிருந்து ஆம்ப்ளிஃபையர். யோவிக்கில் ஒரு தாத்தா வீட்டிலிருந்து வாங்கிய பழைய ஆம்ப்ளிஃபையர் அது, இருபத்து மூன்று கிலோ. நானும் அப்பாவும் காரிலிருந்து தூக்கி வந்தோம். வழி முழுக்க அவர் சொன்னது, "கால்ல போட்டுக்காத" என்பது மட்டும். எல்லாமே இன்டர்நெட் ஃபோரத்தில் படித்தும் வீடியோ பார்த்தும் நானே சேர்த்தது. முதல் நாள் ஒரு செல்லோ டிஸ்க் போட்டேன், வில்லில் தடவிய பிசின் உரசுவது வரைக்கும் கேட்டது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இடது ஸ்பீக்கர் உன் பியானோ இருந்த இடத்தில்தான் நிற்கிறது. பியானோவை, நீ வீட்டை விட்டுப் போன அடுத்த மாதமே அப்பா மழலையர் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார், உன்னிடம் சொன்னாரா தெரியவில்லை. பியானோச் சக்கரம் அழுத்திய குழி தரையில் இன்னும் இருக்கிறது. ஸ்பீக்கர் அதில் ஆடியது. இரண்டு விரல் தள்ளி வைத்தேன்.

இனி கேசட். பதினான்கையும் செப்டம்பரில் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதை ஓடவிட்டுவிட்டு நான் என் அறையில் வேறு வேலை பார்த்தேன். உட்கார்ந்து கேட்கவில்லை. இரைச்சலை மட்டும் குறைத்தேன். பழைய கேசட்டுக்கு இது போதும் என்று ஃபோரத்தில் சொன்னார்கள், அதனால் சின்ன ஃபைலாகச் சேமித்தேன். லேபிளில் உன் கையெழுத்தில் இருந்ததை அப்படியே டைப் செய்தேன்: யார் எழுதிய இசை, எந்தப் பகுதி. வாசித்தது யார் என்று நீ எந்த லேபிளிலும் எழுதவில்லை. நானும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். எல்லாவற்றையும் சேர்த்து 'அம்மா' என்று ஒரு பட்டியல் போட்டேன், முப்பத்தொன்று வந்தது.

கேசட் அலமாரி ஆம்ப்ளிஃபையருக்குத் தேவைப்பட்டது. "அதான் உள்ள ஏத்திட்டியே, அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் எதுக்கு" என்றார் அப்பா. வியாழக்கிழமை மறுசுழற்சி மையத்துக்குக் கொண்டுபோனார். நான்தான் பையைப் பிடித்துக்கொண்டேன், அவர் ஒவ்வொன்றாகப் போட்டார்.

அன்று சாயங்காலம் நான் செய்த காரியம் இது. டிஸ்க்குகளை ஏற்றியதில் நிறைய இரட்டிப்பு இருந்தது. ஒரே பகுதி மூன்று ஆல்பத்தில் இருக்கும். அதைச் சுத்தம் செய்ய நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன், எனக்கு ரொம்பப் பெருமை அதில். ஒரே பெயரில் இசை இரண்டு இருந்தால் தரம் கூடியதை வை, தரம் குறைந்ததை அழி, பட்டியலில் அது இருந்த இடத்தில் மிச்சமிருப்பதைக் காட்டு. இவ்வளவுதான் கட்டளை. தரம் என்று நான் வைத்தது ஒரு எண், ஃபைலின் அடர்த்தி, அதாவது ஒரு வினாடி ஒலி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது. நாற்பது வினாடியில் வேலை முடிந்தது.

நீ எதைக் கற்றுக்கொண்டாலும் அதை ஒரு பெரிய மேதை வாசித்த டிஸ்க்கை அப்பா வாங்கி வந்து பியானோ மேல் வைப்பாரே, நினைவிருக்கிறதா? "எப்படி வாசிக்கணும்னு தெரியணும்ல" என்பார். அதனால் உன் முப்பத்தொன்றுக்கும் வீட்டில் இன்னொன்று இருந்தது. எல்லாமே உன்னுடையதைவிட எண்ணில் பெரியது.

சனிக்கிழமை வழக்கம்போல அப்பாவின் கூட்டாளிகள் ரோல்ஃபும் ஸ்வெய்னும் வந்தார்கள். வாஃபிள் நான்தான் சுட்டேன், அதன் மேல் வைக்கப் பழுப்புச் சீஸ் ரோல்ஃப் கொண்டுவந்தார். பஸ் ஓட்டிய காலத்தில் இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த நட்டு லூஸ் என்று சொன்ன காது தன்னுடையது என்று மறுபடி சொன்னார். பல் டாக்டர் ஸ்வெய்ன், "அந்தக் காதுதான் பொண்டாட்டி கூப்பிட்டா மட்டும் கேக்காது" என்றார். அவர்கள் சட்டம் உனக்குத் தெரியும். பாட்டு ஓடும்போது ஸ்கிரீன் அணைந்திருக்க வேண்டும், அந்த வெளிச்சம் ஒலியைக் கெடுக்குமாம். அணைத்தேன்.

இரண்டு மூன்று டிஸ்க் கேட்டு, எல்லாரும் பாராட்டி, என் தலை கொஞ்சம் கனத்திருந்த நேரத்தில் நான் சொன்னேன், அடுத்து அம்மா வாசித்தது என்று.

"அட, இது வேறயா" என்றார் அப்பா. "இரு, இன்னொரு கப் காபி ஊத்திக்கிறேன். தாங்கணும்ல." ரோல்ஃப் சிரித்தார்.

அந்த மெதுவான நாக்டர்னைப் போட்டேன், ஆறு நிமிடம் வருமே, அது. லேசான இரைச்சலோடு ஆரம்பித்தது, நான் குறைத்த பிறகு மிஞ்சியது என்று நினைத்தேன். அப்புறம் எனக்குக் கையெல்லாம் சிலிர்த்தது. ஸ்வெய்ன் மெல்லுவதை நிறுத்திவிட்டார். ரோல்ஃப் அப்பா பக்கம் குனிந்து, "டேய் ஓட்வார், மாரித் இப்படியா வாசிப்பா? ஒரு நாள்கூட நீ சொன்னதில்லையே" என்றார்.

அப்பா ஒரு விரலைத் தூக்கினார். "இரு, அவசரப்படாத. இப்ப வரும் பாரு. ம்... கேட்டியா? இடது கை. பிந்துது. மாடிப்படியில கிழவன் எறங்குற மாதிரி. இருபத்தாறு வருஷம் தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

ரோல்ஃப் கண்ணை மூடிக் கேட்டார். "ஆமா, நீ சொன்னப்புறம்தான் தெரியுது. இழுக்குது." ஸ்வெய்ன், "பல்லு ஆடுற மாதிரி. விழல, ஆனா ஆடுது" என்றார். மூன்று பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

எனக்கும் கேட்டது அம்மா. இதை எழுதாமல் விடக் கூடாது. அப்பா விரலைத் தூக்கிய பிறகு எனக்கும் இடது கை பிந்துவது கேட்டது. பாவம் அம்மா, அவர் சொன்னது சரிதான் போல என்றுகூட நினைத்தேன்.

முடிந்ததும், எந்த வருஷப் பதிவு என்று ரோல்ஃப் கேட்டார். ஸ்கிரீனைப் போட்டேன். வழுக்கைத் தலை, கழுத்தில் பட்டாம்பூச்சி டை, அப்பாவின் டிஸ்க் அட்டையில் இருக்கும் அந்தப் போலந்துப் பியானோ மேதை. அப்பா பிறப்பதற்கு நான்கு வருஷம் முந்தைய பதிவு. கை தவறி வேறெதையோ அழுத்திவிட்டேன் என்று நினைத்துப் பட்டியலைத் திறந்தேன். முப்பத்தொன்றிலும் யாரோ ஒருவர் முகம். அப்புறம் நான் வியாழக்கிழமை ஓட்டிய புரோகிராம் எழுதிவைத்த குறிப்பைத் திறந்தேன். வரிசையாக உன் நாக்டர்ன், உன் வால்ட்ஸ், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே சொல்: அழிக்கப்பட்டது.

சொல்லிவிட்டேன். அவர்கள் முன்னாலேயே. வாசித்தது அம்மா இல்லை, இவர், அம்மாவுடையதை நான் அழித்துவிட்டேன் என்று.

ஸ்வெய்ன் தன் வாஃபிளைப் பார்த்தார். ரோல்ஃப் அப்பாவைப் பார்த்தார். அப்பா காபியை எடுத்துக் குடித்து, கோப்பையைத் தட்டில் வைத்து, நிதானமாகச் சொன்னார்: "அப்ப இவனுக்கும் பிந்துது."

ரோல்ஃப் சிரித்த சிரிப்பில் காபி கம்பளத்தில் கொட்டியது. ஸ்வெய்னும் சிரித்தார். அப்பாவும் அவர்களோடு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அடுத்தது போடு" என்றார். நான் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை

ஞாயிறே இதை அனுப்பவில்லை. ஃபைல்களை மீட்டுவிட்டு, கடைசியில் ஒரு நல்ல வரி எழுதி அனுப்பலாம் என்று இருந்தேன். ஃபோரத்தில் கேட்டேன், நிறைய பேர் உதவினார்கள், இரண்டு நாள் முட்டிப் பார்த்தேன். அழித்த அன்றே அந்த இடத்தின் மேல் அப்பாவின் ஓப்பரா எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன், அதனால் கிடைக்காது என்கிறார்கள். பாதுகாப்புக்குக் கம்ப்யூட்டரில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தேன். முதல் ஹார்ட் டிஸ்க்கில் என்ன நடந்தாலும் அதிலும் உடனே நடக்கும்படி செட் பண்ணியிருந்தேன். நடந்தது.

திங்கட்கிழமை மறுசுழற்சி மையத்துக்கு சைக்கிளில் போனேன். வெள்ளிக்கிழமையே லாரி வந்து எடுத்துப் போய்விட்டதாம். ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஆள் நல்லவர், "அப்படி என்னம்மா இருந்துச்சு அதுல?" என்று கேட்டார். "அம்மா" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி, வருந்துகிறேன் என்றார். நீ உயிரோடு இல்லை என்று நினைத்துவிட்டார் போல, நான் திருத்தவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "அவகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. தலைக்கு ஏறிடும். அந்தப் போலந்துக்காரனும் நானும் ஒண்ணுன்னு ஆரம்பிச்சிடுவா." ஞாயிறன்றே முதல் வரியில் எழுதிவிட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று ஒரு யோசனை வந்தது: அந்தப் போலந்துக்காரரின் ஃபைலையே உனக்கு அனுப்பிவிடலாம். இதுதான் உன் கேசட், இரைச்சலை எடுத்துவிட்டேன், கேட்டுப் பார் எவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறாய் என்று. மெயிலில் இணைத்தேவிட்டேன். உன் பெயரும் எழுதியாகிவிட்டது. அப்புறம் அழித்தேன். நான்கு பேர் காதுக்கு அது தெரியவில்லை, உனக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். தெரிந்தும், என் மனசு நோகாமல் இருக்க, நன்றாக இருக்கிறது என்று பதில் போடுவாய். அது எனக்கு வேண்டாம்.

ஆக, உன் காதால் கேட்டுப் பார்க்க உன்னிடம் இனி ஒன்றும் இல்லை. அதை நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக என்னால் தர முடிந்தது சனிக்கிழமை நடந்தது மட்டும்தான். இருபத்தாறு வருஷம் அவர் கேட்டது என்ன என்பதை நீயே முடிவு செய்துகொள். ஆனால் முப்பத்தொன்றாம் தேதிக்குள் அந்தக் குழுவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், அது வரேன் என்பதாக இருக்கட்டும்.

அப்புறம் ஒரு கெஞ்சல். யாரிடமாவது ஏதாவது இருக்குமா என்று கேட்டுப் பார் அம்மா. ரண்டி பெரியம்மாவின் பழைய போனில், யாருடையதோ ஒரு பிறந்தநாள் வீடியோவில் பின்னால் நீ வாசிப்பது இருக்கலாம். உன்னோடு படித்தவர்கள், பக்கத்து வீட்டில் இருந்தவர்கள், யாராக இருந்தாலும். பாத்திரச் சத்தம், இருமல், கதவு அடிப்பது, எதுவும் பரவாயில்லை, நான் ஒன்றையும் சுத்தம் செய்ய மாட்டேன். ஒன்றும் கிடைக்காவிட்டால் முதல் ஒத்திகையன்று யாரையாவது போனைப் பியானோ மேல் வைக்கச் சொல். எனக்கு அனுப்பு.

பதினெட்டு வருஷம் அடுத்த அறையில் இருந்தேன், ஹெட்போன் போட்டுக்கொண்டு. நீ வாசிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது அம்மா. திட்டியாவது பதில் போடு.

தூவா