நாலாம் குடிலுக்கு வந்த யானை

காட்டு விடுதி
மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நீ சௌக்கியமாக இருப்பாய் என்று தெரியும். நான் எரிச்சலில் இருக்கிறேன். இங்கே போன் எடுக்காது என்பதால் நீ தப்பித்தாய். சாமான் வாங்கப் போகும் ஜீப்பில் இந்தக் கடிதம் வருகிறது, உட்கார்ந்து முழுசாகப் படி.

நேற்று வந்த தம்பதி வண்டியை விட்டு இறங்கியதும், "யானை எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டார்கள். அதென்ன பஸ்ஸா? நகரத்து ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு "கட்டாயம் பார்க்கலாம்" என்று அளந்துவிட்டது நீதானே? அடுத்த கேள்வி, ஏசி எங்கே. சோலாரில் விளக்கும் ஃபேனும்தான் ஓடும் என்று பதிவு செய்யும்போதே சொன்னால் உன் வாய் வலிக்குமா? குளிக்க ஒரு வாளித் தண்ணீர் என்றதும் அந்த அம்மா என்னை ஜெயில் வார்டன் போலப் பார்த்தார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீயும் நானும் சேர்ந்து எழுதிய விதிகள்தான் இவை. விலங்குக்குத் தீனி வைக்கக் கூடாது, துரத்தக் கூடாது, ஐம்பதடிக்குள் போகக் கூடாது. வந்தால் பார்ப்போம், வராவிட்டால் சும்மா இருப்போம். அதற்கு ஆள் பிடிக்க முடிந்தால் பிடி.

உன் அக்கா


நகர ஆபீஸ்
மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. இரண்டாவது முறை படித்தபோது இன்னும் உறைத்தது.

என் பங்குக்கு ஒன்று கேட்கிறேன். வாசல் பலகையில் பதினொரு நாளாக "இன்று ஒன்றும் தென்படவில்லை" என்று எழுதுகிறாயாமே? எந்த ஹோட்டல்காரனாவது "இன்று சாப்பாடு சுமார்" என்று வாசலில் எழுதி வைப்பானா? வந்தவர்கள் அதைப் போட்டோ எடுத்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து விடுதியில் இறைச்சி கட்டிச் சிறுத்தை காட்டுகிறான். அங்கே இடமில்லை, நம்மிடம் ஆளில்லை. இந்தப் பருவமும் இப்படிப் போனால் நாம் மூட வேண்டியதுதான். அப்புறம் நம் இடத்தையும் அவனே வாங்குவான், நம் மரத்திலும் இறைச்சி தொங்கும். அது உனக்குச் சம்மதமா?

நாலாம் குடிலுக்குப் பின்னால் புதரைச் சரிபண்ணச் சொல்லி டிரைவர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். புண்ணியமாகப் போகும், அதிலும் மூக்கை நுழைக்காதே.

உன் தம்பி


காட்டு விடுதி
ஏப்ரல் 2

என் அருமைத் தம்பிக்கு,

சொன்னேனா இல்லையா?

ஒற்றை யானை, வால் பாதிதான் இருக்கிறது. சமையல்காரர் "மொட்டைவால்" என்று பெயரே வைத்துவிட்டார். இரண்டு வாரமாகத் தினமும் ஐந்து மணிக்கு நாலாம் குடிலுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. துரத்தவில்லை, கூப்பிடவில்லை, அதுவாக வருகிறது! விருந்தினர்கள் மூச்சுவிடவும் மறந்து பார்க்கிறார்கள். வாளித் தண்ணீர் பற்றி ஒருவர்கூட வாயைத் திறப்பதில்லை.

ஆறு வருஷம் விளக்கை அணைத்து, குரலைத் தாழ்த்தி, உன்னிடமும் சண்டை போட்டு நடத்தினேனே, அதற்குக் காடு பதில் சொல்லிவிட்டதடா. நேற்று அழுகையே வந்துவிட்டது. சிரிக்காதே.

உன்னைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எல்லாவற்றுக்கும் இல்லை, பாதிக்கு மட்டும்.

உன் அக்கா


நகர ஆபீஸ்
ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ரொம்பச் சந்தோஷம். ஜூன் வரைக்கும் எல்லாக் குடிலும் நிரம்பிவிட்டது. நீ மட்டும் அந்தப் பின்பக்கம் போகாதே, யானை மிரண்டுவிடும். வேலை தலைக்கு மேல் இருக்கிறது, பிறகு விரிவாக எழுதுகிறேன்.

உன் தம்பி


காட்டு விடுதி
ஏப்ரல் 30

தம்பி,

இன்று காலை நாலாம் குடிலுக்குப் பின்னால் போனேன். முழங்கால் ஆழத்துக்குக் குழி. மண்ணை எடுத்து நக்கிப் பார்த்தேன். ஆமாம், நக்கித்தான் பார்த்தேன். உப்பு.

டிரைவர் அண்ணனைக் கேட்டேன். "சின்னவர்தான் வாரம் ஒரு கட்டி வைக்கச் சொன்னாரும்மா. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்கிறார். என் கடிதத்தைக் கொண்டுபோன ஜீப்பிலேயே உன் உப்புக்கட்டி வந்திருக்கிறது. ஐம்பதடி விதியை நான் ஒருத்தி ஒழுங்காகக் கடைப்பிடித்தேன், அதனால் ஒன்றரை மாதமாக அந்தக் குழி என் கண்ணில் படவில்லை. நல்ல கூத்து!

ஏன் போய்ப் பார்த்தேன் தெரியுமா? மொட்டைவாலுக்கு மனிதப் பயம் விட்டுப்போய்விட்டது. திங்கட்கிழமை நம் சமையலறைச் சுவரை இடித்தது. நேற்றுப் பக்கத்துக் குடியிருப்புக்குள் புகுந்து ஒரு வீட்டு ஜன்னலில் துதிக்கையை விட்டது. ஓடும்போது விழுந்து அந்த வீட்டுக்காரிக்குக் கை முறிந்துவிட்டது. இப்படி ஏன் வருகிறது என்று வனத்துறை என்னைக் கேட்கிறது. என்ன சொல்லட்டும்? நீயே சொல்.

அக்கா


நகர ஆபீஸ்
மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

தப்புதான். ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் உன் ஏப்ரல் கடிதம் வந்தது. நீ இத்தனை சந்தோஷமாக எனக்கு எழுதி எத்தனை வருஷம் ஆகிறது? அதைப் படித்த பிறகு எந்த வாயால் சொல்வேன்?

கையை முறித்துக்கொண்டவரின் வைத்தியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உப்பு விஷயத்தை மட்டும் வெளியே விடாதே. தண்ணீர் தேடி வந்தது என்று சொல்லிவிடு, இந்த வெயிலில் நம்புவார்கள். உண்மை தெரிந்தால் உரிமம் போய்விடும் அக்கா. உன் ஆறு வருஷமும் போய்விடும்.

உன் தம்பி


காட்டு விடுதி
மே 12

தம்பி,

உண்மையைச் சொல்லிவிட்டேன். எழுதியும் கொடுத்தேன். உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மொட்டைவால் இனி இந்தப் பழக்கத்தை விடாதாம். லாரியில் ஏற்றி, எங்கோ வேலி போட்ட முகாமுக்குக் கொண்டுபோவதாக முடிவு செய்தார்கள். மயக்க ஊசி போட அது ஓரிடத்தில் நிற்க வேண்டும். எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. "வழக்கம்போல ஒரு கட்டி வச்சிடுங்கம்மா" என்றார் வனத்துறை டாக்டர். டிரைவர் அண்ணன் முடியவே முடியாது என்று உட்கார்ந்துவிட்டார்.

நான்தான் வைத்தேன். தீனி வைக்கக் கூடாது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்ன நான், இந்தக் கையால் வைத்தேன்.

ஐந்து மணிக்கு வந்தது. ஊசி பட்டதும் ஓடும் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றோம். அது ஓடவில்லை. ஒரு தடவை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் உப்பை நக்க ஆரம்பித்தது. கால் மடங்கும்வரை நக்கிக்கொண்டே இருந்தது.

ஜூன் பதிவுகளை ரத்து செய். காரணத்தை ஒவ்வொருவருக்கும் உன் கையாலேயே எழுது. தண்ணீர், வெயில் என்று எதையாவது எழுதினாயோ, நான் அங்கேயே வந்துவிடுவேன்.

நீ எனக்காகச் செய்தாய் என்பது புரியாமல் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நீ பேராசைக்காரனாக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டி முடித்திருப்பேன்.

அடுத்த வாரம் ஜீப் வரும். டிரைவர் அண்ணனிடம் கடிதம் கேட்டு அவரைத் தொந்தரவு செய்யாதே, நான் கொடுத்தனுப்பப் போவதில்லை.

அக்கா