மஞ்சள் தண்ணீர்

16-10-67, திங்கள்
காலையிலிருந்து மழை. ஹார்பரில் மூட்டை இறக்கவில்லை, எண்ணுகிற எனக்கும் வேலையில்லை. பிள்ளை அந்தோணிக்கு ஜுரம். பால் சரியாகக் குடிக்கவில்லை. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். ஞாயிறு ஞானஸ்நானம். பிள்ளையை ஏந்தும் ஞானத்தகப்பன் மீஞ்சூர் அண்ணன், அவருக்கு அன்றுதான் லீவு. வாங்க: மெழுகுவத்தி, வெள்ளைச் சட்டை, சர்க்கரை.

மரியாவின் அக்கா ருக்மணி வியாசர்பாடியிலிருந்து வந்திருக்கிறாள். தங்கச்சி என்னைக் கட்டிக் கிறிஸ்து வேதத்துக்கு வந்தாலும் இவள் மாரியாத்தா பக்கம்தான். வந்ததும் வராததுமாய் வாசலில் வேப்பிலை. எடுத்துப் போட்டேன். மறுபடி செருகினாள். "இன்னா தம்பி, எலைதான? கடிச்சா துன்னப் போவுது?" விட்டுவிட்டேன்.

17, செவ்வாய்
ஜுரம் இறங்கவில்லை. மரியாவிடம் சொல்லிவைத்தேன். ஆபத்து என்றால் ஞானஸ்நானம் யாரும் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, பேர் சொல்லி, 'பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே ஞானஸ்நானம் கொடுக்கிறேன்' என்றால் போதும். "வாய கழுவு. நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு?" என்றாள். ருக்மணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

18, புதன்
அந்தோணி போய்விட்டான். மத்தியானம். நான் கப்பலில்.

மரியா பிள்ளையை அக்கா மடியில் விட்டு, ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷா பிடிக்க ஓடியிருக்கிறாள். திரும்பியபோது மூச்சில்லை. தண்ணீர் ஊற்றவில்லை என்றாள்.

மாதா கோயில் சாமியாரிடம் போனேன். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஆசீர்வதித்த மண் கிடையாது, வெளிச்சுவரோரம் இடம் தருகிறேன் என்றார். அவர் கண்ணும் கலங்கியது. மோட்சம்? "ஆண்டவர் கையில்." அண்ணன் லீவுக்குக் காத்திருந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்: "ஆத்தாவ வுட்டுட்டு வேற சாமிகிட்ட போனா சும்மா வுடுவாளா?"

19, வியாழன்
பெட்டியைத் தூக்கப்போனபோது ருக்மணி என் கையைப் பிடித்தாள். "தம்பி, நான் ஊத்திட்டேன். ஒங்க வேதத்துல இல்லாதவ ஊத்துனா பாவமாயிடுமோன்னு சொல்லல."

கோயிலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். சாமியார் உட்காரவைத்து ஒவ்வொன்றாய்க் கேட்டார். என்ன சொன்னாய்? பிசகாமல் சொன்னாள். ஏன் ஊற்றினாய்? "மொதல்ல ஆத்தாவ கூப்ட்டேன். வரல. தம்பி சொன்னது நெனப்பு வந்துச்சு. இவங்க சாமிகிட்ட போற புள்ள, இவங்க மொறையிலயே போவட்டும்னு." அப்போது உயிர் இருந்ததா? "என் வெரல புடிச்சிகினு இருந்தான்." என்ன தண்ணீர்?

"ஆத்தாவுக்கு வேண்டிகினு வச்ச மஞ்சத் தண்ணி. அதான் கைக்கு எட்டுச்சு."

வெறும் தண்ணீர் என்றால்தான் ஞானஸ்நானம் செல்லும். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மஞ்சள் எவ்வளவு? "ஒரு சிட்டிகை." "தண்ணீர்தான்" என்று எழுந்தார். உள்ளே வேறு குழி வெட்டச் சொன்னார். சாமியாருக்குக் கறுப்பு இல்லை, வெள்ளை உடுப்பு. ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கு அப்படித்தான். ருக்மணி கடைசியில் நின்றாள். முன்னால் கூப்பிட்டேன். வரவில்லை.

21, சனி
மழை விட்டது. மரியாவுக்குப் பால் கட்டி வலி. வற்றுவதற்காக ருக்மணி மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டினாள். வீடெல்லாம் பூ வாசம், தாங்கமுடியவில்லை.

"அந்தோணி மோட்சத்தில்தான் இருக்கான்" என்றேன் மரியாவிடம்.

"அங்க யாரு பால் குடுப்பா?"

"மாதா இருக்காங்க."

"அவங்களுக்குத்தான் ஒரு புள்ள கீதே."

விளக்கேற்றி ஜெபமாலை எடுத்தேன். ஒவ்வொரு ஜெபத்துக்கும் முதல் பாதி நான், பதில் பாதி மரியா, கல்யாணமானதிலிருந்து அப்படி. சொல்லி நிறுத்தினேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இரண்டு பாதியையும் நானே சொன்னேன்.